மூன்று மஞ்சள் வாளிகள்

"கோயில் சாமானைத் தூக்கிட்டுப் போனவ கடை எப்படிண்ணே நிலைக்கும்?"

எதிரே பூட்டிக் கிடந்த ஹுவாய் அக்காவின் மளிகைக் கடையைப் பார்த்தபடி கேட்டாள் பியாவடீ. உதாய் அண்ணனின் நூடுல்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், கோயிலில் பிக்குகளுக்குக் கொடுக்க ஒரு மஞ்சள் வாளி.

"நீ என்ன வேணா சொல்லு பியா, அந்தக் கடை மாதிரி வராது" என்றார் உதாய். "ஒத்த முட்டை கேட்டாலும் மூஞ்சி சுளிக்காம தாள்ல சுத்திக் குடுப்பாங்க. கேட்காமலே ரெண்டு மிளகா சேர்த்துப் போடுவாங்க. இப்போ உப்பு தீர்ந்தாலும் ஹைவே வரைக்கும் வண்டிய எடுக்க வேண்டியிருக்கு."

"அப்புறம் ஏன் அங்க வாங்குறத நிறுத்துனீங்க?"

"ஊரே நிறுத்துச்சு. நான் மட்டும் போயிருந்தா திருட்டுக்குக் கூட்டாளின்னு என்னையும் சேர்த்திருக்க மாட்டே?"

பியாவடீ வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஊர் நிறுத்தியதற்குக் காரணமே அவள்தான்.

போன வருஷம் அவள் கணவன் தவீ இறந்த ஏழாம் நாள். அவன் பேரில் கோயிலுக்கு மூன்று வாளி கொடுத்தாள். அரிசி, டப்பா மீன், சோப்பு, மாத்திரை, காவித் துணி எல்லாம் வைத்துக் கட்டிய வாளி. அந்தப் புண்ணியம் இறந்தவருக்குப் போய்ச் சேரும்.

அன்று மத்தியானமே அந்த மூன்று வாளிகளும் கோயில் பின்வாசல் வழியாக வெளியே வந்தன. தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஹுவாய் அக்கா. பியாவடீ வழியை மறித்தாள்.

"இதெல்லாம் எங்க போகுது?"

"வேலையிருக்கு பியா. வெயில்ல நிக்காதே, வீட்டுக்குப் போ."

அவ்வளவுதான் சொன்னார். வண்டி நேராகக் கடைக்குள் போனது.

பேச்சு கிளம்பக் கேட்கவா வேண்டும்? கோயிலுக்குக் கொடுத்ததை எடுத்துத் திரும்ப விற்கிறாளாம். பெரிய பிக்குவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குச் சங்கடமாகிவிடும். எங்கள் ஊரில் யாரையும் முகத்துக்கு நேரே சங்கடப்படுத்த மாட்டோம். முதுகுக்குப் பின்னால் பேசுவதோடு சரி.

ஆறு மாதம் ஈ ஓட்டிவிட்டு, ஹுவாய் அக்கா ஷட்டரை இறக்கிப் பூட்டினார். சியாங் மாய் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"இன்னைக்கு அவருக்கு வருஷம் திரும்புதுண்ணே" என்று எழுந்தாள் பியாவடீ. "போன தடவை குடுத்ததுதான் திருட்டுப் போச்சு. இதாவது அந்த மனுஷனுக்குப் போய்ச் சேரட்டும்."

பெண்கள் கையிலிருந்து பிக்குகள் நேராக எதையும் வாங்கக் கூடாது என்பதால், கோயிலில் பெரிய பிக்கு தன் முன்னால் துணியை விரித்தார். பியாவடீ வாளியை அதன்மேல் வைத்துக் கும்பிட்டாள்.

"சாமி, இதை உங்க அறையிலேயே பத்திரமா வெச்சுக்கங்க."

"ஏம்மா?"

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. தள்ளுவண்டியில் பார்த்தது, ஊரில் சொன்னது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தாள்.

"ஹுவாய் கடைய மூடினது இதனாலயா?" என்று கேட்டார் பிக்கு.

அவள் தலையாட்டினாள். பிக்கு வாளியைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"இந்த வாளி எங்க வாங்கினே?"

"ஹைவேல இருக்கிற பெரிய கடைல, சாமி. கட்டி ரெடியா வெச்சிருக்காங்க. போன வருஷமும் அங்கதான் வாங்கினேன்."

பிக்கு கண்ணாடித் தாளைப் பிரித்தார். மேலே இரண்டு டப்பா மீன், ஒரு சின்ன அரிசிப் பொட்டலம். அதற்குக் கீழே பாதி வாளிக்குக் கசக்கித் திணித்த காகிதம். காவித் துணி கைக்குட்டை அளவுதான் இருந்தது. மாத்திரை அட்டையில் தேதி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பியாவடீ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த மூணும் இப்படித்தாம்மா இருந்துச்சு. சமையலுக்குப் பூண்டு கொண்டுவந்த ஹுவாய் பார்த்துட்டா. 'பியாகிட்ட சொல்லிடாதீங்க சாமி, புருஷனுக்குன்னு அழுதுகிட்டே குடுத்திருக்கா, தெரிஞ்சா தாங்க மாட்டா'ன்னு சொல்லி எடுத்துட்டுப் போனா. சாயங்காலமே மூணையும் விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கொண்டாந்து வெச்சா."

பிக்கு காகிதத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

"உன் புருஷனுக்கு ஏதாவது போய்ச் சேர்ந்திருந்தா, அது அவ கடைச் சாமான்தாம்மா."