வெறும் எண்ணெய்

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழும் மதிய வெயில், கொதிக்கிற எண்ணெயில் காசு காசாக மிதக்கிறது. வேலை பார்த்த ஹோட்டலை நிரந்தரமாக மூடிவிட்டதால் இந்த எரிபொருள் கம்பெனிக்கு வேலைக்கு வந்த சமையல்காரர், ஜல்லிக்கரண்டியால் வெறும் எண்ணெயைக் கிளறிக்கொண்டிருக்கிறார். புத்தம்புது எண்ணெய், கறுக்கும்வரை காய்ச்சிப் பீப்பாயில் ஊற்ற வேண்டும்; பழைய எண்ணெய் என்று காட்டினால்தான் கம்பெனிக்கு அரசு மானியம். சுவரில் பச்சை எழுத்து: ‘சமைத்து மிஞ்சிய எண்ணெயே எங்கள் எரிபொருள்.’ சோதிக்க வந்த அதிகாரியும் அதே கம்பெனிக்காரர்தான். பீப்பாயிலிருந்து ஒரு சொட்டைத் தொட்டு முகர்கிறார். “பழைய எண்ணெய் வாசம் வரலையே, அண்ணே.” “ஏதாவது பொரிச்சாத்தானே சார் வரும்.” அதிகாரி சிரித்தபடி பீப்பாயில் ‘சரி’ என்று முத்திரை குத்திவிட்டுப் போகிறார். சமையல்காரர் அடுப்பை அணைக்கிறார். பழக்கதோஷத்தில் கரண்டியை வாணலி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். பிறகு, தட்டோடு யாராவது வந்துவிடுவார்கள் என்பதுபோல் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.