இரவல் நோயாளி

மருத்துவக் கல்லூரி நூலகம் புத்தகங்களோடு நோயாளிகளையும் இரவல் கொடுக்கத் தொடங்கி நான்கு வருடமாகிவிட்டது. கிராமத்துப் பணிக்குப் போகவிருக்கும் மாணவர்கள் கிராமத்து ஆளைப் போலவே பேசி நடந்துகொள்ளும் இயந்திர நோயாளியை ஆளுக்கொன்றாக எடுத்துப் போய், ஏழு நாளில் குணப்படுத்தித் திருப்பித் தர வேண்டும். நூலகர் செண்பகவல்லி கிழிந்து வந்த புத்தகங்களை எத்தனையோ பார்த்திருக்கிறாள். எடுத்துப் போனவனே கிழிந்த நாராக வந்து நின்றதை இன்றுதான் பார்த்தாள்.

"இது பழுது மேடம்," என்றான் மகிழ்நன். "தினமும் மத்தியானம் மெஸ்ஸுக்கு வந்து என் தட்டைப் பிடுங்கி வச்சுக்குது. வேற நோயாளி குடுங்க."

பக்கத்தில் நின்ற நோயாளி மாடத்தி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மூணு வேளையும் சாப்பிட்டுட்டு மாத்திரை போடணும்னு எழுதிக் குடுத்தாரும்மா. எங்க வீட்டுல ரெண்டு வேளைதான் அடுப்பு எரியும். மூணாவது வேளைக்கு எழுதினவருகிட்டதானே போவணும்?"

செண்பகவல்லி அவன் நிரப்பிய படிவத்தைப் புரட்டினாள். 'நோயாளியின் அன்றாடச் சாப்பாடு' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி," என்று இன்னும் ஏழு நாளுக்கு முத்திரை குத்தினாள்.

வாசல் தாண்டும் முன்பே மாடத்தி கேட்டாள்: "இன்னைக்கு என்ன குழம்பு, டாக்டரு?"