கூடிப்போன மணி

தக்காளி வேரில் முடிச்சுப் போட்டுக் குடியிருந்த நூற்புழு ஒருத்திக்குத் தன் வம்சத்தின் மேல் அபாரப் பெருமை. நூற்புழுக்கள் ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் தாய் கொடுத்த, மணி கோத்த வளையம் ஒன்று உண்டு. அவள் வம்சத்து வளையத்தில் பதினொரு மணிகள். பக்கத்து முடிச்சுக்காரிக்குப் பன்னிரண்டு. அதனாலேயே இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஒருநாள் அவளுடைய முட்டைப் பையிலிருந்து சிறியவள் ஒருத்தி பொரிந்து வந்தாள். உடனே வேருக்குள் நுழைந்து சாறு குடிக்காவிட்டால் அவள் உயிர் தங்காது.

"முதலில் மணியை எண்ணு," என்றாள் தாய்.

"பன்னிரண்டு இருக்கிறது அம்மா. எப்படியோ ஒன்று கூடிப்போயிருக்கிறது."

"என் வயிற்றில் பன்னிரண்டு பிறக்காது. அந்தப் பக்கம் போ."

சிறியவள் தள்ளாடிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். பக்கத்து முடிச்சுக்காரி எண்ணிப் பார்த்தாள். "மணி சரிதான். யார் பெற்ற பிள்ளை நீ?"

சிறியவள் தாயைக் காட்டினாள்.

"அவள் பெற்றதா? அப்படியானால் உன் பன்னிரண்டு வேறு, எங்கள் பன்னிரண்டு வேறு. நட."

சிறியவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இரண்டு முடிச்சுக்கும் நடுவே வேரில், சாறு உறிஞ்சும் தன் வாய் ஊசியை ஓங்கிக் குத்தினாள்.

"யாரடி அங்கே குத்துவது?" என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசியது அன்றுதான்.

"குடிப்பது தக்காளியிடம் திருடிய சாறு. இதற்குப் பிறப்புக் கணக்கு வேறா? முடிந்தால் வந்து விரட்டுங்கள்."

குடித்துக் குடித்து உருண்டையாகிப் போயிருந்த இருவராலும் இருந்த இடத்தைவிட்டு அசைய முடியவில்லை. சிறியவள் ஊசியை இன்னும் ஆழமாக இறக்கினாள்.