வயிற்றுக்கும் ஒரு ஸ்கேன்

பிப்ரவரி பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, நுரையீரல் டாக்டரின் அறையில் மூவர் இருந்தனர். அவர்களுள் ஒருவரை எப்படி வெளியே அனுப்புவது என்பதே மருமகளின் கவலையாக இருந்தது.

"அத்தை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வரீங்களா?"

"பையிலயே இருக்கு. குடி."

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த மாமியார், பாட்டிலின் மூடியையும் தாமே திறந்து கொடுத்துவிட்டு, இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "ரெண்டு நுரையீரல்லயும் கட்டி இருக்கு. வேற எங்கிருந்தோ பரவின புற்றுநோய்னு சந்தேகப்படறேன். எங்கிருந்துன்னுதான் பிடிபடல. முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?"

"அப்பெண்டிக்ஸ்," என்றாள் மருமகள்.

தாமாகவே தேடி வந்து பெண் கேட்ட குடும்பம் கைநழுவிவிடக் கூடாதென்று, அன்று அவள் அம்மா சொல்லிக் கொடுத்த பதில் அது. இத்தனை வருடங்களில் அவளுக்கே பாதி உண்மையாகிவிட்டிருந்தது.

"போன தடவை உங்க மாமியார் பிடிவாதமா கேட்டாங்களேன்னு வயித்தையும் ஸ்கேன் எடுத்தோம். அதுல அப்பெண்டிக்ஸ் பத்திரமா இருக்கேம்மா."

வாயைத் திறந்தால் குடித்தனம் போகும்; மூடினால் உயிர் போகும். மருமகள் ஓரக்கண்ணால் பார்த்தாள். மாமியார் சுவர்க் காலண்டரைக் கருத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"கர்ப்பப்பையில கட்டி இருந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. இவங்க வீட்டுல சொல்லல."

டாக்டர் நிமிர்ந்தார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

நுரையீரலிலிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, பழைய கட்டியின் அணுக்களே இரத்தத்தோடு போய் நுரையீரலில் குடியேறியிருந்தன. பெண்களுக்கு மட்டும், அதுவும் அபூர்வமாக வருவது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, ஹார்மோனை அடக்கும் ஊசியும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனும் போதும் என்று முடிவாயிற்று.

முடிவு தெரிந்து வெளியே வந்ததும், மருமகள் படியிலேயே நின்றுவிட்டாள். "உங்ககிட்ட மறைச்சுட்டேன் அத்தை."

"நீ எங்க மறைச்ச? ஆபரேஷன் தியேட்டர்ல பாத்ததை வெளியில பேசறது எனக்குப் பழக்கமில்ல. அதான் வயித்தை ஸ்கேன் பண்ணச் சொன்னேன்."

மாமியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உன் கட்டியைக் கையில வாங்கித் தட்டுல வெச்சதே நான்தான்."