முக்காலிக்காரன்

சேற்றில் முக்காலியை ஊன்றி, அதன்மேல் இருந்த குழாயில் கண்ணை வைத்துப் பார்ப்பதும் நோட்டில் எண்ணாக எழுதுவதுமாக இருந்தான் அவன். கழிமுகத்தின் இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த கோவிந்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராமல் என்ன செய்யும்? போன மாதம் இதே மாதிரி முக்காலியோடு கம்பெனி ஆட்கள் வந்து அளந்தார்கள். இது ஒரு ஜீவனும் இல்லாத உப்புச் சேறு, மண்ணடித்துத் தொழிற்சாலை கட்டலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள்.

கத்திவாக்கத்தில் நூறு வீட்டு உலை கொதிப்பது இந்தச் சேற்றால்தான். வெள்ளைக்காரன் போய் ஆறு வருஷமாகியும் கேட்க நாதியில்லை. ராயபுரத்து வக்கீல் ஜேக்கப் ஒருவர்தான் இவர்களுக்காக மனுப் போட்டிருந்தார். மறுநாள் கலெக்டர் ஆபீசில் விசாரணை.

கூடையைக் கரையில் எறிந்துவிட்டு அவன் எதிரில் போய் நின்றாள்.

"இன்னாய்யா அளந்துகினு கீற?"

அளக்கவில்லை, பறவைகளை எண்ணுகிறேன் என்றான். வடக்கே பனிக்காலத்தில் ஏரிகளெல்லாம் கல்லாக உறைந்துவிடுமாம். இரை கிடைக்காமல் உள்ளானும் வாத்தும் அங்கிருந்து இங்கே வருகின்றனவாம்.

மீன் பெட்டியில் போடுகிற ஐஸ்கட்டி அவளுக்குத் தெரியும். ஏரியே ஐஸாகும் என்று காது குத்துகிறானே, படிக்காதவள் என்றுதானே இந்த இளக்காரம்?

"கொக்கு பாக்கறதுக்கா முக்காலி தூக்கினு வந்த? யார்கிட்ட வுடற கதை?"

அதற்குள் மற்ற பெண்களும் கரையேறி வந்துவிட்டார்கள். ஒருத்தி முக்காலியை எட்டி உதைத்தாள். குழாயின் கண்ணாடி நொறுங்கியது. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் நோட்டை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"இதை விட்டுடுங்கம்மா. எட்டு வருஷக் கணக்கு. நாளைக்குக் கலெக்டர் ஆபீசுக்கு வேணும்."

கலெக்டர் ஆபீசுக்கா? அதற்குமேல் அவனை ஒரு வார்த்தை பேசவிடவில்லை அவள். நோட்டைப் பிடுங்கித் தாள்தாளாகக் கிழித்து, கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரில் விட்டாள். அவன் சேற்றில் விழுந்தெழுந்து ரோட்டைப் பார்க்க ஓடினான்.

சாயங்காலம் ஜேக்கப் வந்ததும் கோவிந்தம்மாதான் முந்திக்கொண்டு சொன்னாள். கம்பெனிக்காரன் கணக்கு மொத்தமும் கடலுக்குப் போய்விட்டது, நாளைக்கு எதைக் காட்டுவான் பார்க்கலாம் என்றாள்.

ஜேக்கப்பின் முகம் செத்துப்போயிற்று. ஒரு தாளாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றாள் பெருமையாக.

கம்பெனி வளைத்துவிடும் என்று பயந்து பேரைக்கூட வெளியே விடாமல் வைத்திருந்த தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டார் அவர். பிறகு மெல்லச் சொன்னார்:

"நமக்கிருந்த ஒரே சாட்சி அவர்தாம்மா."