ரிசப்ஷன் அக்காவின் பழைய முகம்

ரிசப்ஷன் அக்கா ஆபரேஷன் செய்து முகச் சுருக்கங்களை இழுத்துத் தைத்துக்கொண்டு வந்ததைப் பற்றி ஊரே பேசியது. கணவர் பேசியதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

“நல்லாத்தான் இருக்கு. எனக்கென்னவோ அந்தப் பழைய மூஞ்சிதான் பழகிப்போச்சு.”

“இத்தனை வருஷமா நிமிர்ந்துகூடப் பாக்கல, இப்பதான் பழகிச்சாக்கும்” என்று நொடித்துவிட்டு, லீவு முடிந்து முதல்நாள் வேலைக்குக் கிளம்பினாள்.

அலுவலக வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் அவளைச் சட்டை செய்யவில்லை. ஆபீஸ் மானேஜர் கம்ப்யூட்டரில் பார்த்தார்.

“நீங்கதான் காலையிலேயே வந்துட்டீங்களேம்மா. லீவு நாள்லகூட ஒழுங்கா வந்திருக்கீங்க.”

திரையில், தொங்கிய கன்னமும் நெற்றிக் கோடுகளுமாக, அவளுடைய பழைய முகம் நிம்மதியாகச் சிரித்தது.

“இப்ப எங்க சார் அது?”

“பர்மிஷன் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கீங்க.”

ஆட்டோ பிடித்து ஓடினாள். வாசலிலேயே கணவரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

கதவைத் திறந்தவர், “வாங்க, உட்காருங்க” என்றார் மரியாதையாக. பிறகு உள்பக்கம் திரும்பி, “ஏய், இன்னொரு டீ போடு. விருந்தாளி வந்திருக்காங்க” என்றார்.

அக்கா பதறிப்போனாள். தைத்த முகம் மட்டும் அழகாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து அவளுடைய குரலே கேட்டது.

“அவங்களுக்குச் சக்கரை போடலாமான்னு கேளுங்க.”