நானூறு பேருக்குப் போன பத்திரிகை

"ஏஞ் சாமி, கல்யாணப் பத்திரிகையைப் போன்ல அனுப்பினாப் போதுமா? சொந்த அத்தையை நேர்ல வந்து வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கோணும்னு தெரியாதா?"

வள்ளியாத்தா அத்தை போனில் போட்ட சத்தத்தில் கொட்டகைக்குள் இருந்த கோழிகள்கூட ஒரு நிமிஷம் அடங்கின.

அறிவழகனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாருக்குங்க அத்தை கல்யாணம்?"

"உனக்குத்தான்! ஏன் கண்ணு, எங்கிட்டயே மறைக்கிறயே?" என்றவள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

புதுச்சத்திரத்தில் சின்னதாகக் கோழிப்பண்ணை வைத்திருப்பவன் அறிவழகன். வயது முப்பத்தாறு. ஆறு வருஷமாகப் பெண் தேடியும் அமையவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவனுக்காக அலைவது இந்த அத்தை ஒருத்திதான். பையனைப் பற்றி விசாரிக்க வரும் பெண் வீட்டார் அத்தை வீட்டில்தான் காபி குடிப்பார்கள். நாலு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வரும்.

அத்தை வைத்ததும் அடுத்த போன். முட்டை லாரி டிரைவர் வாழ்த்தினார். கூடப் படித்தவன் சண்டைக்கு வந்தான். இன்னொருத்தர், "பத்திரிகையைத் தொட்டாத் திறக்கவே மாட்டேங்குதுங்க. சாப்பாடு எந்த மண்டபத்துல?" என்றார்.

போதாக்குறைக்குப் போனும் பேயாட்டம் ஆடியது. எந்த ஆப்பைத் தொட்டாலும் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. பிரவுசர் மட்டும் தானாகவே திறந்து, 'நீங்கள் ஒரு கார் வென்றிருக்கிறீர்கள்' என்று கூவியது.

போனைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லுக்கு ஓடினான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தேவிப்ரியா வைத்திருக்கும் செல்போன் சர்வீஸ் கடை. வாங்கியதும் அவள் முதலில் நெட்டை அணைத்தாள்.

"நேத்து யாராச்சும் பத்திரிகை அனுப்பினாங்களாண்ணா?"

"ஆமாங்க அம்மிணி. தீவனக் கடை ரமேஷ்குமார்கிட்ட இருந்து வந்துச்சு. தொட்டதும், இன்ஸ்டால் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு."

"பத்திரிகை எதுக்குங்கண்ணா இன்ஸ்டால் ஆகோணும்?"

"கல்யாண ஊட்டுக்காரங்க மரியாதையாக் கேக்கறாங்களாட்டம் இருக்குதுன்னு, கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு அமுக்கிட்டனுங்க."

தேவிப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அது பத்திரிகையே இல்லீங்க, திருட்டு ஆப். உங்க மெசேஜைப் படிக்க, நம்பரை எல்லாம் எடுக்க, நீங்களே அனுமதி குடுத்திருக்கறீங்க. 'எங்கள் இல்லத் திருமணம், அவசியம் வாங்க'ன்னு உங்க பேர்ல நானூறு பேருக்கு அனுப்பியிருக்குது. ரமேஷ்குமாருக்கும் இப்படித்தான் எவனோ அனுப்பியிருப்பான்."

போனை சேஃப் மோடில் போட்டாள். அந்த ஆப்புக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தை எல்லாம் பிடுங்கிவிட்டு அதைத் தூக்கி எறிந்தாள். கார் கொடுக்க வந்த விளம்பரங்களையும் பிரவுசரிலிருந்து ஒவ்வொன்றாக விரட்டினாள். ஆப்புகள் பழையபடி திறந்து, திறந்தபடியே நின்றன.

"பேங்குக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க. பாஸ்வேர்டை எல்லாம் மாத்திருங்க. அப்புறம் அந்த நானூறு பேருக்கும் விஷயத்தைச் சொல்லோணும். இல்லீன்னா அவங்களும் தொட்டுருவாங்க."

பேங்குக்குச் சொல்லி முடித்ததும் அவனுக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது. பாவம், அழுதுகொண்டிருப்பாள். போன் இன்னும் தேவிப்ரியாவின் மேஜையில் கேபிளோடு கிடந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அத்தை, கல்யாணமும் இல்லை ஒண்ணும் இல்லீங்க. அது போன்ல வந்த வைரஸ்."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு.

"அப்படியா சாமி? உனக்கொரு நல்லது நடந்திருச்சுன்னு நெனச்சனே! மனசை உட்றாத கண்ணு. வர்ற தையில முடிச்சிரலாம். அத்தை இருக்கறேன்ல? வெச்சர்றேன்."

வைக்கவில்லை. அப்படியே மடியில் போட்டிருக்க வேண்டும். அவள் மாமாவிடம் பேசுவது கடை முழுக்கக் கணீரென்று கேட்டது.

"ஏனுங்க, கல்யாணம் இல்லையாமா! இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. விசாரிக்க வந்தவங்க அத்தனை பேர்கிட்டயும், 'பையன் தங்கமுங்க, சாயங்காலம் ஆனா மட்டும் கொஞ்சம் தண்ணி போடுவான்'னு பக்குவமாச் சொல்லித்தான் அனுப்பினேன். அதையும் மீறி எவன் பொண்ணு குடுத்தான்னு பதறிப் போயிட்டேன். அவனுக்குன்னு ஒருத்தி வந்துட்டா, நம்மளை மாசாமாசம் சேலத்து ஆஸ்பத்திரிக்கு யாருங்க கார்ல கூட்டிட்டுப் போவா?"

தேவிப்ரியா கேபிளைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள்.

காபிகூடக் குடிக்கும் பழக்கமில்லாத அறிவழகன் போனையே பார்த்தபடி நின்றான். ஆறு வருஷமாகப் பொருந்தாத ஜாதகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின. மெதுவாகப் போனை எடுத்து அழைப்பை அணைத்தான்.

பிறகு நானூறு பேருக்கும், இந்த முறை அவனே தன் கையால் தட்டி அனுப்பினான்.

'வணக்கமுங்க. என் பேரில் வந்த கல்யாணப் பத்திரிகை பொய். திறக்காதீங்க, உடனே அழிச்சிருங்க. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. பொண்ணு இருந்தா நேரா எனக்கே போன் பண்ணுங்க. என்னைப் பத்தி ஊருக்குள்ள யாரை வேணும்னாலும் விசாரிங்க, எங்க அத்தையைத் தவிர.'